ஜெசிட்ட குடு

"அமலியை டீம்ல இருந்து எடுத்துடுங்க, சிஸ்டர்."

சிஸ்டர் அன்சலா பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கையில எண்ணெயைத் தடவிக்கிட்டு வாரா போல. பந்தைக் குடுத்தா கையில நிக்க மாட்டேங்கு. நின்னா போட மாட்டேங்கா. போட்டா விழ மாட்டேங்கு. சனிக்கிழமை மேட்ச். தோத்துட்டு உக்காந்து ஒப்பாரி வைக்க எனக்கு நேரம் கிடையாது."

பம்ப் முனகியது.

"நான் சொல்லுதது கேக்கா, சிஸ்டர்?"

"கேக்குது அக்கா."

எடுக்கச் சொன்னவள் ஜெசிந்தா. தூத்துக்குடியில் ஒரு கான்வென்டில் படித்து, அதே கான்வென்டின் கூடைப்பந்து மைதானத்துக்குத் தொப்பையோடும் முழங்கால் பட்டையோடும் திரும்பி வந்த பழைய மாணவிகள் அணிக்கு அவள்தான் கேப்டன். அவள்தான் பாயிண்ட் கார்டும். அதாவது, பந்தை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தட்டிக்கொண்டு போய், யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்கிறவள்.

ஜெசிந்தா பெரும்பாலும் தன்னிடமே கொடுத்துக்கொள்வதாக முடிவு செய்வாள்.

நன்றாகவும் ஆடுவாள். அதை யாரும் மறுக்க முடியாது. அதுதான் தொல்லையே.

மற்ற நால்வரும் இதற்கு ஒரு வழக்கமே வைத்திருந்தார்கள். யார் கையில் பந்து விழுந்தாலும் எல்லாத் தொண்டையும் ஒரே நேரத்தில் திறக்கும்: "ஜெசிட்ட குடு!" பந்தைக் கையில் வைத்திருப்பவளும் சேர்ந்து கத்துவாள். கத்திக்கொண்டே கொடுத்துவிடுவாள். அணிக்கு ஒரு புனிதையின் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் மாவட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. 'ஜெசி டீம்' என்றால் எல்லாருக்கும் தெரியும்.

சிஸ்டர் அன்சலாவுக்கு முப்பத்திரண்டு வயது. மாநில அணிக்கு ஆடிவிட்டு அங்கி போட்டுக்கொண்டவர். போன ஜூனில்தான் மாற்றலாகி வந்தார். வெள்ளை அங்கிக்குக் கீழே கான்வாஸ் ஷூ. நாற்பத்தைந்து வயதுக்காரிகள் அவரை சிஸ்டர் என்பார்கள். அவர் அவர்களை அக்கா என்பார்.

ஜெசிந்தாவைப் படிக்கவைத்த சிஸ்டர்கள் தாவணியில் ஒரு ஊக்கு குறைந்தால் அரைமணி நேரம் பேசுவார்கள். இவர் அப்படியில்லை. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடுத்த வார்த்தைக்கு மறுநாள்வரை காக்க வேண்டும். ஜெசிந்தாவுக்கு அவ்வளவு பொறுமை ஏது?

"சின்ன வயசுல அமலி எப்படி ஆடுனவ தெரியுமா, சிஸ்டர்? நீங்க பாக்கல. அதான் உங்களுக்கு வருத்தம் தெரியல."

அது உண்மை. பள்ளி நாளில், வலது மூலையில் நின்று அமலி பந்தை விட்டாள் என்றால், அது கூடையில் விழுவதற்கு முன்பே எதிரணிக்காரி திரும்பி நடக்க ஆரம்பித்துவிடுவாள். விழுமா விழாதா என்று பார்ப்பது நேர விரயம்.

இந்த வருஷம் அதே அமலி ஒரு கூடைகூடப் போடவில்லை.

அமலியின் மாமியார் படுத்த படுக்கை. பயிற்சி நடக்கும் செவ்வாயும் வெள்ளியும் மாலையில் நாத்தனார் வந்து பார்த்துக்கொள்வாள். மேட்ச் நாளை விட்டால் அந்த இரண்டு மாலைதான் அமலி வாசற்படி தாண்டுவது. மற்ற நாளெல்லாம் டெட்டால் வாசனைக்குள் இருப்பாள். அணியிலிருந்து எடுத்துவிட்டால் அந்த இரண்டும் போய்விடும்.

ஜெசிந்தாவுக்கு அது தெரியும். பக்கத்துத் தெருதான். தெரிந்துதான் கேட்டாள்.

சிஸ்டர் பம்பைப் பிடுங்கி, பந்தைத் தரையில் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்.

"சரி அக்கா. எடுத்துடலாம்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று ஜெசிந்தா நினைக்கவில்லை. கையில் மீதமிருந்த வாதங்களை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள்.

"மேட்ச் முடியட்டும். நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"நானா?"

சிஸ்டர் பந்தைச் சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டினார். சாவியை அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜெபத்துக்குப் போய்விட்டார்.



வெள்ளிக்கிழமை பயிற்சி. மறுநாள் ஆட்டம். எதிரணியாக நிற்க விடுதிப் பிள்ளைகள் ஐந்து பேர் வந்திருந்தார்கள்.

"பந்து எங்க சிஸ்டர்?" என்றாள் ஹாஜிரா. காயல்பட்டினத்துக்காரி. வார்த்தைக்கு வார்த்தை சிரிப்பவள்.

"உள்ள."

"எடுத்துட்டு வரட்டா?"

"வேண்டாம். இன்னைக்குப் பந்து இல்லாம ஆடுங்க."

"பந்து இல்லாமயா? இது என்ன சிஸ்டர், பொண்ணு இல்லாத கல்யாண வீடா?"

சிஸ்டர் விசில் ஊதினார்.

ஓடினார்கள்.

சந்தனமேரி உயரம். அவள் எப்போதும் போல நேரே கூடைக்குக் கீழே போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் மாதிரி. கஸ்தூரி இடது மூலைக்கு ஓடி, அங்கே நின்று, துண்டால் கழுத்தைத் துடைத்தாள். ஹாஜிரா குறுக்கே ஓடினாள், திரும்பி வந்தாள். அமலி வலது மூலைக்குப் போய், இரண்டு கையையும் மார்புக்கு நேரே விரித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து எதிர்முனைக்கு ஓடினார்கள். மறுபடி இந்த முனை. கை தூக்கினார்கள், இறக்கினார்கள். ஒருத்தி முகத்திலும் ஒரு குழப்பமும் இல்லை.

ஜெசிந்தா மட்டும் மைதானத்தின் நடுவில் நின்றாள்.

எங்கே போக? பந்தோடு போகும் வழியெல்லாம் அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். பந்து இல்லாமல் போகும் வழி ஒன்றுகூடத் தெரியவில்லை. வலது கை தானாகக் காற்றை ஒரு தட்டு தட்டியது. விடுதிப் பிள்ளை ஒன்று களுக்கென்று சிரித்தது. ஜெசிந்தா கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

விசில்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் சிஸ்டர்.

"எப்பவும் போலத்தான் சிஸ்டர்," என்றாள் சந்தனமேரி.

"எனக்கும் வித்தியாசம் ஒண்ணும் தெரியல," என்றாள் ஹாஜிரா. "என்ன, இன்னைக்குக் கத்த வேண்டிய வேலை இல்ல. தொண்டைக்குச் சுகம்."

"கால் வலிக்கு," என்றாள் கஸ்தூரி. "அதுவும் எப்பவும் போலத்தான்."

குத்திக் காட்டவேண்டும் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. குத்திக் காட்டியிருந்தால் ஜெசிந்தா பதிலுக்கு நாலு வாங்கு வாங்கியிருப்பாள். அவர்களோ கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

ஜெசிந்தாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். இரண்டு காதும் கொதித்தன.

சிஸ்டர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பிப் பார்த்திருந்தாலாவது ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.



ஸ்கூட்டரைக் கிளப்பும்போது அவளுக்குச் சமாதானம் கிடைத்துவிட்டது. இதெல்லாம் ஒரு பயிற்சியா? பந்து இல்லாமல் ஆடினால் யாருக்குத்தான் எங்கே போவது என்று தெரியும்? நான் பந்தைக் கொண்டு போகாவிட்டால் இவர்களில் யார் கொண்டு போவார்கள்? சந்தனமேரியா? இரண்டு தட்டு தட்டினால் தன் காலிலேயே தட்டிக்கொள்கிறவள்.

வழியில் சிக்னலில் நின்றபோது போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"ஜெசி, ரசம் ஆறிப்போச்சு. சுட வைக்கட்டுமா?"

"அதுக்கு எனக்கு எதுக்குப் போன் போடுதீங்க? அடுப்பை மூட்டி வைங்க."

"இல்ல. பாத்திரத்தை மாத்திட்டா நீ சத்தம் போடுவியே. அதான் கேட்டேன்."

துறைமுகத்தில் பாரம் தூக்கும் கிரேனுக்கே பொறுப்பாளர் அவர். கப்பலிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்குகிறவர்.

"ஒண்ணும் செய்யாதீங்க. நான் வாரேன்," என்றாள் ஜெசிந்தா.

என்றைக்கும் இதைச் சொல்லும்போது ஒரு பெருமை வரும். இன்றைக்கு வரவில்லை. ஏன் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. சிக்னல் விழுந்துவிட்டது.



சனிக்கிழமை நாகர்கோவில்காரிகள் வேனில் வந்து இறங்கினார்கள். ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும். மதில் ஓரமாகப் பிள்ளைகள், புருஷன்மார்கள், இரண்டு பாதிரியார்கள், ஐஸ்காரர்.

முதல் பாதியில் ஜெசிந்தா பிய்த்து உதறினாள்.

"ஜெசிட்ட குடு!" "ஜெசிட்ட குடுட்டி!"

விழுந்த கூடையில் முக்கால்வாசி அவளுடையது. நாகர்கோவில்காரிகளுக்கும் கண் இருக்கிறது அல்லவா? கொஞ்ச நேரத்திலேயே அவர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மற்ற நால்வரையும் சும்மா விட்டுவிட்டு மூன்று பேராக இவளைச் சுற்றிக்கொண்டார்கள்.

மூச்சுமுட்டி, போக வழியில்லாமல், கடைசி நொடியில், அவள் பந்தை வலது மூலைக்கு வீசினாள். வீசினாள் என்பதைவிட எறிந்தாள் என்பதே சரி. கையில் சுட்டதை எறிகிற மாதிரி. பந்து அமலியின் விரல் நுனியில் பட்டு வெளியே ஓடியது.

ஜெசிந்தா இரண்டு கையையும் விரித்து சிஸ்டரைப் பார்த்தாள். பார்த்தீங்களா? நான் சொன்னேனா இல்லையா?

சிஸ்டர் பார்த்தார். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். நகர்ந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.

"என்னையா?"

"வாங்க அக்கா."

"நல்லாத்தானே ஆடுதேன்? இப்ப எதுக்கு?"

சிஸ்டர் மறுபடி பெஞ்சைத் தட்டினார். ஜெசிந்தாவுக்குப் பதிலாக விமலா என்கிற புதியவள் உள்ளே ஓடினாள்.

ஜெசிந்தா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். படட்டும், நல்லாப் படட்டும் என்று நினைத்தாள். நான் இல்லாமல் என்ன கிழிக்கிறார்கள் என்று இவருக்கும் தெரியட்டும்.

நாகர்கோவில்காரி போட்ட பந்து விழாமல் எகிறியது. சந்தனமேரி எம்பிப் பிடித்தாள். அழகாகத்தான் பிடித்தாள். மார்போடு அணைத்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பினாள். வலப்பக்கம் திரும்பினாள். முன்னால் ஹாஜிரா கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். மூலையில் அமலி தனியாக நிற்கிறாள். சந்தனமேரியின் கண் இருவரையும் தாண்டித் தாண்டிப் போனது. எதையோ தேடியது.

பெஞ்சில் ஜெசிந்தா தட்டுப்பட்டாள்.

சந்தனமேரியின் முகம் மலர்ந்தது. பனிமய மாதா திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைக் கண்டுபிடித்தவள் மாதிரி. "ஜெசி!" என்று கத்தி, பந்தை நேரே பெஞ்சுக்கு வீசினாள்.

ஜெசிந்தா பிடித்துவிட்டாள்.

பிடிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. கைகள் போய்ப் பிடித்துவிட்டன. கோட்டுக்கு வெளியே, பெஞ்சில் உட்கார்ந்தபடி, மடியில் பந்தோடு.

மதில் ஓரம் வெடித்துச் சிரித்தது. நாகர்கோவில்காரி ஒருத்தி சிரிப்பு தாங்காமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஐஸ்காரர்கூடச் சிரித்தார். ரெஃபரிக்கு விசிலை வாயில் வைக்கத் தோன்றவில்லை.

சந்தனமேரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, தெரியாமப் போட்டுட்டேன்ட்டி. கை பழகிப் போச்சு."

ரெஃபரி பெஞ்சுக்கு வந்தார். "அம்மா, பந்து."

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள்.

"பந்தைக் குடுங்கம்மா."

அப்போதுதான் குனிந்து பார்த்தாள். பத்து விரலும் பந்தை இறுக்கிப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிரிப்பது போலப் பிரித்துக் கொடுத்தாள்.

முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நிமிர்ந்தால் மதில் ஓரம் சிரிக்கிறது. திரும்பினால் சிஸ்டர். குனிந்தால் தன் கைகள். அவற்றைத்தான் அவளால் பார்க்கவே முடியவில்லை. துண்டை எடுத்து அவற்றின்மேல் போட்டு மூடிக்கொண்டாள்.

சிஸ்டர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் ஜெசிந்தாவும் பார்த்தாள்.

அணி திண்டாடியது. பந்து விமலா காலில் பட்டு ஓடியது. கஸ்தூரி எதிரணிக்காரிக்கே பாஸ் கொடுத்து, "சாரி" வேறு சொன்னாள். வழக்கமாக இருந்தால் ஜெசிந்தா எழுந்து நின்று காட்டுக் கத்தல் கத்தியிருப்பாள். இப்போது அவள் கண் பந்தை விட்டு விலகி எங்கோ நின்றிருந்தது.

வலது மூலையில்.

அமலி ஓடுகிறாள். தன்னைக் காவல் காப்பவளை ஏமாற்றி, உள்ளே போவது போலப் போக்குக் காட்டி, சட்டென்று வெளியே வந்து, தனியாக நிற்கிறாள். கைகள் மார்புக்கு நேரே விரிகின்றன. பந்து வரவில்லை. கைகள் இறங்குகின்றன. மறுபடி உள்ளே, மறுபடி வெளியே, மறுபடி கைகள் விரிகின்றன. வரவில்லை. இறங்குகின்றன. அலுத்துக்கொள்ளவில்லை. யாரையும் முறைக்கவில்லை. மறுபடி ஓடுகிறாள்.

"சிஸ்டர்," என்றாள் ஜெசிந்தா. "அவ எப்பவும் இப்படியா ஓடுதா?"

"ஆமா அக்கா."

"எல்லா மேட்ச்லயுமா?"

சிஸ்டர் தலையை மட்டும் அசைத்தார்.

பந்து கையில் இருக்கும்போது கண் பந்தைத்தான் பார்க்கும், கூடையைத்தான் பார்க்கும் என்று சொல்ல ஜெசிந்தாவுக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அது தன் காதுக்கே எப்படிக் கேட்கும் என்று பயமாக இருந்தது.

களத்தில் ஏதோ நடக்கத் தொடங்கியிருந்தது. ஹாஜிரா பந்தைத் தானே தட்டிக்கொண்டு போய், "யா அல்லாஹ்" என்று கண்ணை மூடி எறிந்தாள். விழுந்தது. அவளால் நம்ப முடியவில்லை. போட்ட இடத்திலேயே நின்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தனமேரி ஒன்று போட்டாள். கத்தல் மாறிப்போனது. யாரும் ஜெசி பெயரைச் சொல்லவில்லை. "இங்க இங்க," "எனக்குட்டி," "கஸ்தூரி, பின்னால பாரு" என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். மீன் ஏலம் மாதிரி இருந்தது. காது கொள்ளவில்லை.

ஒரு புள்ளிதான் வித்தியாசம். நாகர்கோவில் முன்னால் இருந்தது. முடிய அரை நிமிஷம்.

"போங்க அக்கா," என்றார் சிஸ்டர்.

ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை. "போய் நான் என்ன செய்ய?"

இந்தக் கேள்வியை அவள் எந்தப் பயிற்சியாளரிடமும் கேட்டதில்லை.

"ஓடுங்க," என்றார் சிஸ்டர்.



பந்து அவளிடம்தான் வந்தது. எங்கே போகும்?

தட்டிக்கொண்டு போனாள். மூன்று பேர் பாய்ந்து வந்தார்கள். அவர்கள் நெருங்கும் முன்பே, மூச்சு முட்டும் முன்பே, வலது மூலையில் கைகள் விரிவதைப் பார்த்தாள். கொடுத்தாள். கனிந்த பழத்தைக் கைமாற்றுவது போலக் கொடுத்தாள்.

அமலி பிடித்தாள்.

நின்றது. கையில் நின்றது. பக்கத்தில் ஈ காக்காய் இல்லை. எதிரே கூடை. பள்ளி நாளில் எதிரணிக்காரி திரும்பி நடந்துபோன அதே மூலை.

அமலி கூடையைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பி ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

"ஜெசி," என்றாள். "போடட்டா?"

நாற்பத்தைந்து வயதுப் பெண். இரண்டு பிள்ளைகளைப் பெற்று ஆளாக்கியவள். அம்மா வீட்டுக்குப் போய்வர மாமியாரிடம் உத்தரவு கேட்கிற குரலில் கேட்டாள்.

ஜெசிந்தாவுக்குக் கூட்டம் சிரித்தபோதுகூட இவ்வளவு சுடவில்லை.

"போடு" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. பற்களுக்குப் பின்னாலேயே நின்றது. அதையும் தான்தான் சொல்ல வேண்டுமா?

வாயை மூடிக்கொண்டாள். அமலிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கூடைக்குக் கீழே ஓடினாள்.

பின்னால் ஒரு நொடி ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு பந்து தலைக்கு மேலே போனது. உயரமாக, நல்ல வளைவாக. வளையத்தின் விளிம்பில் பட்டது. விளிம்பிலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. யோசித்தது. வெளிப்பக்கம் விழுந்தது.

விசில்.

ஒரு புள்ளியில் தோற்றார்கள்.



நாகர்கோவில்காரிகள் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா நேரே சிஸ்டரிடம் வந்தாள். முகமெல்லாம் வியர்வை, கண்ணீர், மூக்கு என்று ஒன்றாக வழிந்துகொண்டிருந்தது.

"என்னாலதான் சிஸ்டர். எல்லாம் என்னாலதான்."

சிஸ்டர் தண்ணீர்ப் பாட்டில்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அவ கையை நான்தான் கெடுத்தேன். சந்தனத்துக்குப் பந்தைப் பிடிச்சா எங்க போடணும்னு தெரியாமப் பண்ணினதும் நான்தான். இத்தனை வருஷம் என்ன செஞ்சிருக்கேன் நான்? பிள்ளைக மாதிரி உத்தரவு கேக்க வச்சிருக்கேன். மேட்சைத் தோத்தது நான். இந்தத் தோல்வி முழுசும் என்னோடது. வேற யாரையும் சொல்லாதீங்க. என்னைய எடுத்துடுங்க. இனி நான் பந்தைத் தொடவே மாட்டேன்."

சத்தமாகத்தான் சொன்னாள். அவளுக்கு மெதுவாகப் பேச வராது. கஸ்தூரி துண்டோடு ஓடி வந்தாள். ஹாஜிரா தண்ணீரைத் திறந்து நீட்டினாள். சந்தனமேரி முதுகைத் தடவினாள், விமலா விசிறினாள். நாலு பேரும் அவளைச் சுற்றி நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிஸ்டர் வலது மூலையைப் பார்த்தார்.

அமலி அங்கேதான் இருந்தாள். தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எழுந்தாள். ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வந்தாள்.

ஜெசிந்தா அவள் கையைப் பிடித்தாள். "அமலி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்ட்டி. நான் ஒரு பாவம் பண்ணிட்டேன். செவ்வாய்க்கிழமை சிஸ்டர்கிட்ட உன்னைய—"

"தெரியும்."

"தெரியுமா?"

"நீ பேசுனா ஹார்பர் வரைக்கும் கேக்கும். சாமான் அறைக்கு இந்தப் பக்கம்தான் நின்னேன்."

"தெரிஞ்சுமா இன்னைக்கு வந்த?"

"வீட்டுல உக்காந்து என்ன செய்ய?"

ஜெசிந்தா மறுபடி உடைந்தாள். "என் மேலதான்ட்டி தப்பு. நீ விட்ட அந்தக் கடைசிப் பந்துகூட நான் பண்ணுனதுதான். உன் தப்பே இல்ல. அதையும் என் கணக்குல—"

"ஏட்டி, நிறுத்து."

அமலி இந்தக் குரலில் பேசி ஒருவரும் கேட்டதில்லை. ஹாஜிரா விமலாவின் விசிறியைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்தப் பந்தைப் போட்டது யாரு?"

"நீதான். ஆனா நான்—"

"யாரு போட்டா?"

"நீ."

"தவறவிட்டது யாரு?"

ஜெசிந்தா சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான்தான் விட்டேன்," என்றாள் அமலி. கையை உருவிக்கொண்டாள். "நானே நின்னு, நானே குறி பாத்து, நானே விட்டேன். கொஞ்சம் வலது பக்கம் சாஞ்சிட்டேன், அதான் போச்சு. ராத்திரி பூரா அதை நினைச்சுக்கிட்டுக் கிடப்பேன். செவ்வாய்க்கிழமை வந்து அதே இடத்துல நின்னு, விழுத வரைக்கும் போடுவேன். எத்தனையோ நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் எனக்குன்னு ஒண்ணு கிடைச்சிருக்கு, ஜெசி. அதையும் நீ எடுத்துக்கிட்டா, வீட்டுக்கு நான் எதைட்டி கொண்டு போக?"